கிணற்றுக்கு ஓய்வு நாள்

ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் ஒரே நாளில் வந்துவிட்டால் அந்தக் கிணற்றுக்கு ஓய்வு. அன்றைக்கு யாரும் மோட்டார் போடக்கூடாது. பத்திரத்தில் எழுதி வைத்த சங்கதி இல்லை. ஆனாலும் நாற்பது வருசமாக ஒருத்தரும் மீறினதில்லை.

கிணறு இரண்டு வீட்டுக்குப் பொது. கிழக்கே தைரியநாதன் நிலம், மேற்கே வேடியப்பன் நிலம். இரண்டு பேரின் அப்பன்மாரும் சேர்ந்து வெடி வைத்து, கல் சுமந்து வெட்டின கிணறு. தைரியநாதன் குடும்பம் மாதா கோயில் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை நிலத்தில் கால் வைக்காது. ஆகவே ஞாயிற்றுத் தண்ணீர் வேடியப்பனுக்கு. வேடியப்பன் வீட்டார் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். அமாவாசையன்று பயிர்வேலை பார்க்கமாட்டார்கள். ஆகவே அமாவாசைத் தண்ணீர் தைரியநாதனுக்கு. மற்ற நாளெல்லாம் மாற்றி மாற்றி முறை. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு பேருக்கும் கிடையாது. அன்றைக்குத்தான் உள்ளே இறங்கிப் படிக்கல் சரி செய்வது, கயிறு மாற்றுவது, ஒயருக்கு டேப் சுற்றுவது எல்லாம். கிணற்றுக்கு வைத்தியம் பார்க்கிற நாள் என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படி வந்த ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமையில்தான் வேடியப்பன் அந்தக் கிணற்றுக்குள் செத்து மிதந்தான். மண்டையில் பிளவு. காட்டுக்கொட்டாய்க் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சுதான், கொலை என்று.

அது நடந்து பன்னிரண்டாம் நாள் காலை. இசபெல்லா கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். நொய் வெந்து, புளித்த கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றியாகிவிட்டது. இந்த நேரத்தில் கை நின்றால் அடி பிடித்துவிடும். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தத்தில் அவள் கை நின்றது.

"வூட்ல யாரும்மா?" போலீஸ்காரர்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை. "பத்து மணிக்குக் கெணத்தாண்ட வரணும். இன்ஸ்பெக்டரம்மா சொன்னாங்க. ரெண்டு வூட்டு ஆளுங்களும் இருக்கணுமாம்."

"இன்னாத்துக்குங்க?"

"யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சிபோச்சாம். எல்லாருக்கும் எதிர்லயே சொல்லப் போறாங்க."

வண்டி போய்விட்டது. கூழ் தீய்ந்த வாசனை வந்தது. இசபெல்லா துடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் தைரியநாதன் படுத்திருந்தான். பன்னிரண்டு நாள் தாடி. ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்து அனுப்பினதிலிருந்து ஆள் பாதியாகிவிட்டான். விசாரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் வாய்க்கால் தகராறில், பத்துப் பேர் பார்க்க, "இந்தக் கெணத்துலயே ஒன்னப் பொதைக்கிறனா இல்லையா பாரு" என்று வேடியப்பனைப் பார்த்துக் கத்தியவன் அவன்தான். வாய் மட்டும்தான் அவனுக்குப் பெரிசு. கோழி அறுக்கவே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் என்பது இசபெல்லாவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுது." எழுந்து உட்கார்ந்தான். "கூழ ஊத்து. வெறும் வயித்தோட போவ வேணாம்."

"அடி புடிச்சிப் போச்சி."

"பரவால்ல, ஊத்து."

தீய்ந்த கூழை இரண்டு பேரும் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். அவன் அவளைப் பார்க்கவில்லை, அவளும் அவனைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாளாக வீட்டில் இப்படித்தான். அவன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவள் அவனிடம் ஒன்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைப் போட்டது அவள்.

புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. மலைமேல் மேகம் வந்து நிற்கும், கீழே இறங்காது. மக்காச்சோளம் பால் பிடிக்கிற பருவம். இலை சுருண்டு தாழம்பூ மடல்போல நின்றது. இன்னும் நாலு நாள் காய்ந்தால் கதிரில் பாதி மணி இல்லாத பொக்கு. வாய்க்கால் சண்டையில் இவர்கள் முறைத் தண்ணீரும் ஒரு நாள் வீணாய்ப் போய்விட்டது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, முறைதான் இல்லை. கோயிலில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது இசபெல்லாவுக்கு அந்த யோசனை வந்தது. இங்கே எல்லாரும் பூசையில். அங்கே வேடியப்பன் வீட்டில் படையல் வேலை. ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் யாருக்குத் தெரியும்? மடையும் நம் நிலத்துப் பக்கமே திறந்து கிடக்கிறது.

மூன்று வருசத்துக்கு முன் இரண்டு வீடும் சேர்ந்து நைனார்பாளையத்தில் வாங்கி மோட்டாருக்கு மாட்டின போன் ஸ்டார்ட்டர் அது. அதில் உள்ள நம்பருக்கு ஒரு ரிங் விட்டால் மோட்டார் தானாக ஓடும். தைரியநாதனின் போன் அவள் பையில் இருந்தது. கோயிலுக்குள் போன் அடித்தால் சாமியார் பீடத்திலிருந்தே பேர் சொல்லித் திட்டுவார் என்று, ஆண்கள் எல்லாம் போனைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிடுவார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மடியில் வைத்து அழுத்தினாள். 'மோட்டார் ஆன்' என்று மெசேஜ் வந்தது. ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, 'மோட்டார் ஆஃப்' என்று வந்தது. கரண்டு போய்விட்டது, நமக்குக் கொடுப்பினை இல்லை என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து நின்று எல்லாரோடும் விசுவாசப் பிரமாணம் சொன்னாள்.

பதினொரு மணிக்கு வேடியப்பனின் பெண்டாட்டி மகேஸ்வரி, படைக்கக் கூப்பிட வந்து கிணற்றை எட்டிப் பார்த்தாள். அந்தக் கூச்சல் கோயிலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த இவர்களுக்குப் பாதையிலேயே கேட்டது. போனிலிருந்த கூப்பிட்ட கணக்கையும் மெசேஜையும் இசபெல்லா அன்றைக்கே அழித்துவிட்டாள்.

இவ்வளவும் சொல்லிவிடலாம். இதற்கும் கீழே ஒன்று இருந்தது. அன்று காலை கோயிலுக்குப் போகும்போது, வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி அவள் கிணற்று மேட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. நீல வார். இடது செருப்பின் வார் அறுந்து செம்புக் கம்பியால் முடுக்கியிருந்தது. யாருடைய செருப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போலீஸ் அதைப் பையில் போட்டு எடுத்துப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அவள் கண்ணுக்கு மட்டும் இன்னும் அங்கேயேதான் கிடந்தது.

பத்து மணிக்கு இரண்டு பேரும் வரப்பில் இறங்கி நடந்தார்கள். சோளக்காடு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. வேடியப்பனை எடுத்த மூன்றாம் நாளே மழை கொட்டித் தீர்த்துவிட்டது. மூன்று நாள் பொறுத்திருந்தால் போதும். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க இசபெல்லாவுக்கு வயிறு எரிந்தது. ஒரு தட்டையைக்கூட விடாமல் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

கிணற்று மேட்டில் கூட்டம் கூடிவிட்டது. புங்கமரத்தடியில் மகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன் மூக்கன். சாவுச் சேதி கேட்டு மலையிலிருந்து ஒரு மூட்டை சாமையோடு இறங்கினவன், தங்கச்சிக்குத் துணையாகத் தங்கிவிட்டான். அதிகம் பேசமாட்டான். தினம் சாயங்காலம் கிணற்றுக் கல்லில் கொடுவாள் தீட்டுவான். ஆட்டுக்குத் தழை வெட்டத்தான். ஆனால் அந்தச் சத்தம் இசபெல்லா வீட்டு அடுப்படி வரைக்கும் வரும். இப்போதும் கொடுவாள் அவன் மடியில்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ராதிகா மோட்டார் கொட்டாய் வாசலில் நின்றிருந்தார். நாற்பது வயசிருக்கும். போலீஸ்காரர் போட்ட நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றார். சத்தம் போட்டுப் பேசாதவர். அதட்டுகிற போலீஸாக இருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"வாங்கய்யா, வாங்கம்மா. அப்படி ஒக்காருங்க," என்றார். "எங்கப்பாவும் வெவசாயிதான். மணலூர்பேட்டையில கரும்பு வெச்சாரு. அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். வேடியப்பன யாரோ அடிச்சித் தள்ளிட்டாங்கன்னு பேசிக்கினு இருக்கீங்க. அடிக்கல. மண்டையில காயம், விழறப்ப படிக்கல்லு பட்டது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்திருச்சி. வலது உள்ளங்கை கருகியிருக்குது. கரண்டு."

கூட்டம் முணுமுணுத்தது. மகேஸ்வரி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"தண்ணி மட்டத்தாண்ட ஒயர்ல ஜாயிண்டு விட்டுப் போயிருந்துது. அதுக்கு டேப்பு சுத்தத்தான் எறங்கியிருக்காரு. இப்ப எனக்கு ஒரு சந்தேகம். எங்கப்பா கெணத்துல எறங்கறதா இருந்தா பீஸ் கட்டையப் புடுங்கி வேட்டி மடியில கட்டிக்கினுதான் எறங்குவாரு. இங்க பாத்தா பீஸு மூணும் போர்டுலயே இருக்குது. வேடியப்பன் வெவரம் இல்லாத ஆளா?"

"அவுரு ரொம்ப உஷாருங்க," என்றாள் மகேஸ்வரி. "வூட்ல பல்பு மாத்தணும்னாகூட மெயின நிறுத்துவாரு."

"அதான். யாரோ அவரு செத்த அப்புறம் பீஸத் திருப்பிச் சொருவிட்டாங்கன்னு நெனைச்சேன். நாலு நாளு அதுலயே சுத்திக்கினு கெடந்தேன். அப்பறம் மூக்கண்ணன்தான் ஒரு வார்த்த சொன்னாரு. இன்னாண்ணே சொன்னீங்க?"

மூக்கன் நிமிர்ந்தான். "அன்னிக்கி கெணத்துக்கு ஓய்வு நாளுங்களே. பீஸ எதுக்குப் புடுங்கறதுன்னேன். எங்க மச்சான் அப்பா காலத்துல இருந்து அன்னிக்கி யாரும் புடுங்க மாட்டாங்க."

"நாள நம்பி எறங்கியிருக்காரு," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த நாள யாரோ மீறியிருக்காங்க. சுச்ச யாரும் தொடல. போன்ல போட்டிருக்காங்க. ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கற சிம்முக்கு ஒம்பது அம்பத்திரண்டுக்கு ஒரு ரிங். ஆளு மேல கரண்டு பாஞ்சதும் ஸ்டார்ட்டர் தானா ட்ரிப் ஆயி நின்னிருக்குது. அதுல பதிஞ்சிருக்கறது ரெண்டே நம்பரு. ஒண்ணு வேடியப்பனுது. அது அவரு சட்டப் பாக்கெட்ல, படி மேல இருந்துது." கொஞ்சம் நிறுத்தினார். "ரிங் வந்தது தைரியநாதன் நம்பர்ல இருந்து."

மூக்கன் எழுந்துவிட்டான். கொடுவாள் மடியிலிருந்து கைக்கு வந்தது அவனுக்கே தெரியாமல் வந்ததுபோல இருந்தது. போலீஸ்காரர் இரண்டு அடி முன்னால் வந்தார். இசபெல்லா புருசனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுவாளுக்குத் தூக்கிக் கொடுத்த கழுத்து அது.

"நான்தாங்க," என்றான் தைரியநாதன்.

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"நான்தாங்க போட்டேன். பிரசங்கம் நடக்கறப்ப பீடி குடிக்க வெளிய வந்தேன். அப்பப் போட்டேன். என்ன இட்டுக்கினு போங்க." அவன் இசபெல்லாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"பீடி குடிக்க வெளிய வந்தீங்க, அது நெசம்," என்றார் இன்ஸ்பெக்டர். "கோயிலுக்கு எதுர டீக்கடையில நின்னீங்க. களமருதூர்ல நாத்து நடவுக்கு ஆளு வேணும்னு ஒங்க சித்தப்பா மவன் கேட்டிருந்தாரு. அவருகிட்ட பேசறதுக்கு டீக்கடைக்காரர் போன வாங்கினீங்க. ஒம்பது அம்பதுக்குப் பேச ஆரம்பிச்சி ஆறு நிமிசம் பேசியிருக்கீங்க. பாக்கெட்ல போன வெச்சிக்கினு எவனாவது டீக்கடைக்காரன்கிட்ட போன் கேப்பானாய்யா?"

தைரியநாதன் சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தான்.

"போன் கோயிலுக்குள்ள இருந்துது. ஆம்பளைங்க எல்லாம் போன யாருகிட்ட குடுத்துட்டு ஒக்காருவீங்கன்னு கேட்டேன். சிரிச்சிக்கினே சொன்னாங்க." இன்ஸ்பெக்டர் இப்போது இசபெல்லாவைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. "போன ஞாயித்துக்கெழம நானும் கோயிலுக்கு வந்து பின்னால ஒக்காந்திருந்தேம்மா. எல்லாரும் சாமியார்கிட்ட நன்மை அப்பம் வாங்கப் போனாங்க. மனசுல பாவம் இருக்கறவங்க வாங்க மாட்டாங்களாமே. நீங்க எழுந்திருக்கல. வருசக்கணக்கா ஒரு வாரம்கூட வாங்காம இருந்ததில்லையாமே நீங்க."

இசபெல்லா எழுந்தாள். புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க போட்டேன். சோளம் காஞ்சிக்கினு இருந்துது. ஒரு மணி நேரம் ஓடட்டும்னு போட்டேன். ஒடனே நின்னுபோச்சி. கரண்டு போய்டுச்சின்னு நெனைச்சேன். அவுருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் அவுருகிட்ட சொல்லவே இல்ல."

"எனக்குத் தெரியும்," என்றான் தைரியநாதன் தரையைப் பார்த்து. "போலீசு என் போன வாங்கறப்பவே தெரியும். கணக்கு, மெசேஜு எல்லாம் அழிஞ்சி கெடந்துது."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்துகொண்டா இரண்டு நாள் ஸ்டேஷனில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்? தெரிந்துகொண்டா தீய்ந்த கூழைக் குடித்தான்? அவளுக்கு ஓவென்று கத்தி அழ வேண்டும் போல இருந்தது, அழுகை வரவில்லை.

"உள்ள ஆளு எறங்கியிருக்கறது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவள் வாய் திறப்பதற்குள் தைரியநாதன் முந்திக்கொண்டான். "கோயில்ல ஒக்காந்துக்கினு இருந்தவளுக்கு அது எப்படிங்கம்மா தெரியும்? மூணு மைலு தூரம்."

"தெரிய வழி இல்லன்னுதான் நானும் நெனைக்கிறேன்." இன்ஸ்பெக்டர் கையிலிருந்த நோட்டை மூடினார். "தெரிஞ்சி செஞ்சாத்தான் கொல. இது அஜாக்கிரத. கேசு உண்டு, கோர்ட்டுக்கு வரணும், தண்டனையும் இருக்கும். ஆனா கொலகாரின்னு யாரும் சொல்ல முடியாது. ஊருக்கு எதிர்ல இதச் சொல்லணும்னுதான் எல்லாரையும் வரச் சொன்னேன். மூக்கண்ணே, அத கீழ வைங்க."

மூக்கன் கொடுவாளைக் கிணற்றுக் கல்மேல் வைத்தான். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். பன்னிரண்டு நாளாக அழாமல் இருந்தவன். கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பெண்கள் இரண்டு மூன்று பேர் இசபெல்லாவைப் பார்த்து, "போதாத காலம்டியம்மா" என்றார்கள். பன்னிரண்டு நாளாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்.

அவ்வளவுதானா? முடிந்துவிட்டதா? இசபெல்லாவுக்கு நம்ப முடியவில்லை. கோர்ட்டு, தண்டனை எல்லாம் வரட்டும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறது. செருப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டார்கள். வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் எதைப் பார்த்தாள் என்று ஓட்டிக்கொண்டு போனவனுக்கே தெரியாது.

மகேஸ்வரி எழுந்து வந்தாள். இந்தச் சண்டை வருமுன் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இசபெல்லா வீட்டிலிருந்து மகேஸ்வரி வீட்டுக்குப் போகும். அமாவாசைப் பாயசம் அவள் வீட்டிலிருந்து இவள் வீட்டுக்கு வரும். வேடியப்பன் செத்த அன்றைக்கும், சண்டையோடு சண்டையாக, மகேஸ்வரி ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டதிலிருந்து இசபெல்லாவுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியவில்லை.

மகேஸ்வரி இசபெல்லாவின் இரண்டு கையையும் பிடித்தாள். முகம் வீங்கி, கண் உள்ளே போயிருந்தது.

"அக்கா," என்றாள். "நான் ஒன்ன எவ்ளோ சாபம் வுட்டேன் தெரியுமா? ஒன் வூட்டுக்காரர, ஒன் வூட்ட, எல்லாத்தையும். அவுரு உள்ள இருக்கறாருன்னு தெரிஞ்சிருந்தா நீ போட்டிருப்பியா? ஒன்ன எனக்குத் தெரியாதா?"

கை சூடாக இருந்தது. இசபெல்லா அந்தக் கையைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும். தலையை ஆட்டினால் போதும். பின்னால் புருசன் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. ஆனால் இந்தக் கை இனித் தினமும் வரும். வேலியைத் தாண்டிக் கிண்ணத்தோடு வரும். ஒவ்வொரு தடவையும் அதை வாங்க வேண்டும். அந்தப் பயம் கோர்ட்டுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"செருப்ப பாத்தேன், மகேசு," என்றாள்.

"எந்தச் செருப்பு?"

"அவுரு செருப்பு. செம்புக் கம்பி போட்டது. கோயிலுக்குப் போறப்பவே, வண்டில இருந்து பாத்தேன். இங்கதான் கெடந்துது."

தைரியநாதன், "இசபெல்லு!" என்று அலறினான்.

மகேஸ்வரி கையை எடுக்க மறந்தவள்போல நின்றாள். கிணற்றுக்குள் புறா ஒன்று படபடத்து வெளியே போயிற்று.

"பாத்துட்டா போனப் போட்ட?"

"அதாண்டி எனக்கே தெரியல. போடறப்ப அது நெனப்புல இருந்துதா இல்லையான்னு பன்னெண்டு நாளா யோசிச்சிக்கினு கெடக்கறேன். தெரியல."

இன்ஸ்பெக்டர் ராதிகா மூடின நோட்டைத் திரும்பவும் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.